ஓவியத்தில் உள்ள உழைப்பை உழைத்தவர்களும் சொல்லட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 83 வயதாகும் என் தந்தையாரை சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்திற்கு அழைத்துச் சென்றேன். துறைமுகத்தில் 31 ஆண்டுகள் சுமை ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர் அவர். நகர மண்டபத்தையும் பழைய உச்ச நீதிமன்றத்தையும் வெளியிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருந்தும், அந்தப் படிகளில் அவர் ஏறியது அன்றுதான் முதல் முறை. இரண்டு கட்டடங்களும் 2015ஆம் ஆண்டு நவம்பரில் ஒன்றிணைக்கப்பட்டுக் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டதையும், நிரந்தரக் காட்சிகளைப் பார்க்கக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்பதையும் நான் சொல்லித்தான் அவர் அறிந்தார். நம்மவர்களில் இன்னும் பலர் இதை அறியாமலே இருக்கிறார்கள்.

சிங்கப்பூர் ஓவியர் சுவா மியா தீ 1974இல் தீட்டிய ‘சிற்றுண்டிச்சாலையில் தொழிலாளர்கள்’ என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். வேலைக்கு நடுவே சாப்பிட அமர்ந்திருக்கும் தொழிலாளர்களைக் காட்டும் அந்த ஓவியத்தைப் பார்க்கிறவர்கள், தொழில்மயமாகிக்கொண்டிருந்த சிங்கப்பூரின் அடையாளம் என்று சொல்வது வழக்கம். நானும் அப்படியே சொன்னேன். அப்பா சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “சாப்பாட்டு நேரம்னா ஓய்வுன்னு நினைக்காதேம்மா. அடுத்த மணி எப்ப அடிக்கும்னு காது அங்கேயே இருக்கும்” என்றார். மண்டோர் எனப்படும் மேற்பார்வையாளரின் கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்கார்வதையும், சோற்றை வேகமாக முடித்துவிட்டு மிஞ்சிய பத்து நிமிடத்தில் கோணிப்பையைத் தலைக்கு வைத்துப் படுப்பதையும், அந்தப் பத்து நிமிடத் தூக்கத்தை வீட்டில் பாயில் படுத்தும் அடைந்ததில்லை என்பதையும் அவர் அங்கேயே நின்று விவரித்தார். அருகில் நின்ற இளையர் இருவர் தமிழ் அறியாதவர்கள். ஆனாலும், அவர் கைகளை அசைத்துப் பேசுவதைக் கவனித்து, என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டறிந்தார்கள். ஓவியரின் பெயர், ஆண்டு, வண்ணத்தின் வகை ஆகியவற்றைச் சொல்லும் விளக்க அட்டை தன் கடமையைச் செய்கிறது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை அறிந்தவர் அந்த அட்டையை எழுதியவர் அல்லர்.

உழைப்பு ஓவியமாகும்போது உழைத்தவரின் பெயர் விடுபட்டுப்போவது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. ஹைன்ரிச் லாய்ட்டமான் என்ற ஜெர்மானிய ஓவியரின் 19ஆம் நூற்றாண்டு மர அச்சுப் படம் ஒன்று கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது. 1835இல் சாலை அமைக்க நிலத்தை அளந்துகொண்டிருந்த கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மனின் குழுவினர்மீது புலி பாய்ந்து, அளவைக் கருவியைச் சாய்த்துவிட்டு ஓடிய நிகழ்ச்சியை அது காட்டுகிறது. கோல்மனின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, சாலைக்கும் இருக்கிறது. அவருடன் காட்டை வெட்டிய இந்தியக் கைதிகளில் ஒருவருடைய பெயரையும் அந்தப் படத்திலிருந்து அறிய வழியில்லை. 1825 முதல் இங்குக் கொண்டுவரப்பட்ட அக்கைதிகளே, கலைக்கூடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் கட்டினார்கள். சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறவைத்த நீர் ஆகியவற்றைக் கலந்து அவர்கள் குழைத்துப் பூசிய சாந்து நம் ஊர்க் கைப்பக்குவம். படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அந்த வெண்சுவரையும் பார்க்கிறவருக்கு, படத்தில் சிதறி ஓடும் மனிதர்கள் வேறாகத் தெரிவார்கள்.

வேலையை விட ஓய்வைக் காட்டும் படைப்புகளில்தான் என் மனம் அதிகம் நின்றது. ஓய்வு யாருக்கு இருந்தது என்ற கேள்வி அவற்றில் இருக்கிறது. கலைக்கூடத்தின் முன்னால் விரிந்திருக்கும் பாடாங் திடலில் வெள்ளைக்காரத் துரைமார்கள் கிரிக்கெட் ஆடிய காலத்தில், நம்மவர்களின் ஓய்வு, தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டு வாசலிலும் கோப்பிக்கடை முக்காலியிலும் கழிந்தது. சுவா மியா தீயின் 1959ஆம் ஆண்டு ஓவியமான ‘தேசிய மொழி வகுப்பு’ எல்லாருக்கும் தெரிந்ததுதான். கரும்பலகையில் ‘உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய்’ என்று மலாயில் எழுதியிருக்க, வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களைப் பார்த்ததும், வேலை முடிந்து வந்து இரவு வகுப்பில் கண் சொருக உட்கார்ந்திருந்த தம் வயது ஆட்கள் அப்பாவுக்கு நினைவுக்கு வந்தார்கள். உடலுக்குக் கிடைத்த சில மணி நேரத்தையும் எழுத்துக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்.

அமாண்டா ஹெங் 1996இல் தொடங்கிய ‘பேசுவோம்’ என்ற நிகழ்த்துகலையைப் பற்றி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கலைஞர் மேசையில் முளைப்பயறைக் குவித்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களை அமரச் சொல்லி, வேரைக் கிள்ளிக்கொண்டே தேநீரும் பேச்சுமாகப் பொழுதைக் கழிப்பதே அந்தக் கலை. அம்மா வியப்படையவில்லை. முருங்கைக்கீரை உருவும்போதும் நெத்திலி ஆயும்போதும் அடுக்குமாடித் தாழ்வாரத்தில் சீன, மலாய் அண்டை வீட்டாரோடு அவர் ஆண்டுக்கணக்கில் செய்தது அதுதான். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு வேலையும் ஓய்வும் ஒரே முறத்தில் கிடந்தன என்பதை, ஒரு கலைஞர் மேசை போட்டுக் காட்டிய பிறகுதான் நான் உணர்ந்தேன் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

சிங்கப்பூரின் ஐம்பது வெள்ளி (டாலர்) பணத்தாளின் பின்புறத்தில் ஓவியர் சியோங் சூ பியெங் 1978இல் தீட்டிய ‘கருவாடு உலர்த்துதல்’ அச்சாகியிருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். கூலியாகக் கைமாறும் தாளிலேயே உழைப்பின் ஓவியம் இருக்கிறது. அன்று அப்பா தம் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் திருப்பி நெடுநேரம் பார்த்தார்.

ஆகவே தங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். துறைமுகத்திலும், சாலைப் பணியிலும், செம்பவாங் கடற்படைத் தளத்திலும், பிறர் வீட்டுச் சமையலறையிலும் வேலை பார்த்த நம் முதியவர்களை, உழைப்பைக் காட்டும் இத்தகைய ஓவியங்களின் முன்னால் அமரவைத்து, அவர்கள் வாயால் விளக்கம் சொல்லவைக்கும் அமர்வுகளைக் கலைக்கூடமும் நம் சமூக அமைப்புகளும் சேர்ந்து நடத்த வேண்டும். தமிழ் மாணவர்கள் அதைப் பதிவு செய்து எழுதலாம். ஞாயிறன்று லிட்டில் இந்தியாவில் கூடும் நம் ஊழியர்களையும் மறக்கக்கூடாது. அங்கிருந்து ரயில் ஏறி, சலவைத் தொழிலாளர்களின் பெயரைத் தாங்கிய ‘தோபி காட்’ நிலையத்தில் மாறினால், அடுத்த நிலையமே நகர மண்டபம். இன்றைய கட்டடங்களை எழுப்பும் அவர்கள் அந்த 1974ஆம் ஆண்டுச் சிற்றுண்டிச்சாலையைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்று கேட்க எனக்கு மிகுந்த ஆவல்.

முதல் அமர்வுக்கு என் தந்தையார் வரத் தயாராக இருக்கிறார். நீண்ட நேரம் நிற்க முடியாதவர் என்பதால், ஓவியத்துக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்