பெட்ரோல் வாசனை

அன்பு நண்பா,

நலம். இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றி எழுதினால் நீ சிரிப்பாய் என்பதால் விட்டுவிடுகிறேன். மகள் வேலை மாறிவிட்டாள், புது இடம் அவளுக்குப் பிடித்திருக்கிறது. ஒல்லி போன மாதம் வந்துவிட்டுப் போனான். இப்போது அவனை அந்தப் பெயரில் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் யாரைக் கூப்பிடுகிறோம் என்று திரும்பிப் பார்க்கிறார்கள். பதில் போட இவ்வளவு தாமதமானதற்கு நீ திட்டுவாய் என்று தெரியும். அதைத் தனிக் கடிதமாகவே எழுது, இன்றைக்கு வேறு வேலை இருக்கிறது.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இது. ஷெட்டில் கிடக்கும் காரைப் பையன் எடுத்து ஓட்டப் போகிறான், உள்ளே உட்கார்ந்தால் லேசாகப் பெட்ரோல் வாசனை அடிக்கிறது, "பழைய வண்டி என்றால் அப்படித்தானே இருக்கும்" என்று.

இல்லையப்பா. அப்படி இருக்கக் கூடாது. கதவு கிறீச்சிடும், சீட் கிழியும், பெயின்ட் மங்கும், அதெல்லாம் வயசு. பெட்ரோல் மூக்குக்கு எட்டுகிறது என்றால் அது கசிவு. எங்கோ ஓரிடத்தில் வெளியே வருகிறது. எந்த இடம் என்று கண்டுபிடிக்காமல் பையன் கையில் சாவியைக் கொடுக்காதே. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் நான் வழக்கம்போல் நீட்டி முழக்குவது.

என் வண்டியில் டேங்க்கிலிருந்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வரை பெட்ரோல் போகிற வழி முழுவதையும் இப்போதுதான் பிரித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றி முடித்தேன். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், என் வண்டியில் வாசனையே இல்லை. காலையில் ஸ்டார்ட்டரை ரொம்ப நேரம் சுற்றினால்தான் பிடிக்கும். சமதளத்தில் ஒழுங்காக ஓடும். மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுக்காமல் திணறும். ஃபில்டர் மாற்றினேன், பிளக் மாற்றினேன், கொஞ்சம் நாள் சரியாக இருந்தது போலத் தோன்றும், மறுபடி அதே கதை. கடைசியில் நம் மெக்கானிக் பெரியவரிடம் கொண்டு போனேன். இன்னும் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறார், இன்னும் யாரையும் நம்புவதில்லை. பானெட்டைத் திறக்கச் சொன்னார். என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடி போலத் தெரியும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் ஃபில்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பெட்ரோலோடு சேர்ந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் ஓடிக்கொண்டிருந்தன. "காத்து குடிக்குது" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

யோசித்தால் எளிய விஷயம்தான். நம் மாதிரிப் பழைய வண்டிகளில் ஃப்யூயல் பம்ப் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். என்ஜினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டில் இருக்கும் ஒரு மேடு பம்பின் லீவரைத் தள்ளும், லீவர் டயாஃப்ரம் என்ற சவ்வை இழுக்கும், அந்த உறிஞ்சலில் பெட்ரோல் பின்னால் இருக்கும் டேங்க்கிலிருந்து முன்னால் வரும். அதாவது டேங்க்கிலிருந்து பம்ப் வரைக்கும் ஹோஸுக்குள் உறிஞ்சல்தான் இருக்கிறது. அந்தப் பகுதியில் வெடிப்பு விட்டால் என்ஜின் ஓடும்போது பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். சொட்டும் இல்லை, வாசனையும் இல்லை. வண்டியை நிறுத்தினால் குழாயில் இருக்கும் பெட்ரோல் டேங்க்குக்கே திரும்பிப் போய்விடும், அதனால்தான் காலையில் அவ்வளவு நேரம் சுற்ற வேண்டியிருந்தது. பம்பைத் தாண்டிய பிறகு கதை தலைகீழ். அங்கே அழுத்தம் இருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை, நாலைந்து பி.எஸ்.ஐ. இருக்கும். ஆனால் சூடான என்ஜின் மேல் சொட்டுவதற்கு அது போதும்.

என் ஹோஸ் எங்கே கெட்டுப் போயிருந்தது தெரியுமா? டேங்க்குக்கு மேலே, கையை வளைத்து நுழைத்தால்தான் எட்டுகிற இடத்தில், ஒரு சாண் நீளத் துண்டு. முன்பக்கம் கண்ணில் படுகிற ஹோஸை எல்லாம் யாராவது எப்போதாவது மாற்றிவிடுகிறார்கள். இந்தத் துண்டை யாரும் தொடுவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பாக, ஒழுங்காகத்தான் இருந்தது. கழற்ற முயன்றேன், அசையவில்லை; இரும்புக் குழாயோடு இறுகிப் போயிருந்தது. பிளேடால் நீளவாக்கில் கீறித்தான் உரித்தேன். கையில் எடுத்து வளைத்ததும் வளைவு முழுக்கப் பழைய செருப்பு வார் மாதிரி வெடிப்பு. உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தால் மை போல ஒட்டியது. அந்தக் கறுப்புதான் இத்தனை நாளும் கார்புரேட்டருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ஒன்று கவனி. குழாய் உலோகமாக இருந்தால் பிளேடு, இழுப்பு எல்லாம் பரவாயில்லை. கார்புரேட்டர் வாயில் இருக்கும் பித்தளைக் குழலை மட்டும் முறுக்கி இழுக்காதே. சில கார்புரேட்டர்களில் அது திருகு மரையே இல்லாமல் வெறுமனே அடித்துச் செருகியது. ஒரு தடவை ஆட்டம் கண்டுவிட்டால் என்றைக்காவது ஹோஸோடு சேர்ந்து கழன்று வரும். என்ஜின் ஓடும்போது அது கழன்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, உன் வண்டிக்கு வருகிறேன். வாசனை எப்போது வருகிறது என்று பையனிடம் கேட்டு எழுது. அதிலேயே பாதி விஷயம் வந்துவிடும். டேங்க்கை நிரப்பியவுடன், வளைவில் திரும்பும்போது அடித்தால் பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்க்குக்குப் போகும் அந்தத் தடித்த ரப்பர் குழாயைச் சந்தேகப்படு. பின் சீட்டில் எப்போதும் அடித்தால் டேங்க் மேலே மீட்டர் மிதவை பொருத்திய இடத்துக் கேஸ்கெட், அல்லது டேங்க்கின் மூச்சுக் குழாய். என்ஜினை நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் மட்டும் முன்னால் அடித்தால், சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது. அதைக்கூட ஒரு அளவுக்கு மன்னிக்கலாம். ஓடும்போதே பானெட் பக்கம் அடித்தால் மன்னிப்பே கிடையாது, அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

இன்னொரு இடமும் உண்டு, அங்கே யாரும் மோந்து பார்ப்பதில்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி மூக்கருகே கொண்டு போ. பெட்ரோல் வாசனை தூக்கலாக இருந்தாலோ, ஊற்றாமலேயே ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ பம்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் என்ஜினுக்குள் இறங்குகிறது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் நீடில் வால்வு மூடாமல் கார்புரேட்டர் வழிந்தாலும் இப்படி ஆகும். ஆயில் தண்ணீராகிவிட்டால் பேரிங் தாங்காது. பம்பை மாற்றினால் ஆயிலையும் சேர்த்தே மாற்றிவிடு.

பம்ப் மாற்றுவது கஷ்டமில்லை. பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவே தடிப்பாக ஒரு பேகலைட் துண்டு இருக்கும், அதைப் பழசு என்று தூக்கிப் போட்டுவிடாதே. சூடு பம்புக்கு ஏறாமல் தடுப்பது அது. லீவர் எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதும் அதன் தடிப்பில்தான் இருக்கிறது. மாட்டும்போது லீவர் முரண்டு பிடித்தால் போல்ட்டை வைத்து இறுக்கி இழுக்கக் கூடாது. என்ஜினைக் கையால் கொஞ்சம் சுற்றி, கேம் மேடு அந்தப் பக்கம் போனதும் மாட்டினால் தானாக உட்காரும். உன் பொறுமை எனக்குத் தெரியும் என்பதால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன். மஞ்சள் குடையை நீ பிரித்த லட்சணம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கார்புரேட்டருக்கு ரிப்பேர் கிட் வாங்கிவிடு. கேஸ்கெட், நீடில் வால்வு, ஆக்சிலரேட்டர் பம்பின் டயாஃப்ரம் எல்லாம் அதில் வந்துவிடும். பழைய நீடிலின் கூர் முனையை நகத்தால் வருடிப் பார். வளையமாக ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் அது ஒழுங்காக மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. மிதவை பித்தளையாக இருந்தால் காதருகே வைத்து ஆட்டு. உள்ளே பெட்ரோல் தளும்பினால் ஓட்டை. பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்தாதே, துளை பெரிதானால் பிறகு எவ்வளவு ட்யூன் செய்தாலும் சரிவராது. காற்றடித்தால் போதும். இத்தனையும் செய்த பிறகும் ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது ஓடும் ஓட்டம், சீராகவில்லை என்றால் கார்புரேட்டரில் காற்றுக் கதவைத் திருப்பும் த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்திருக்கும். அது கிட்டில் வராது, அதற்குத் தனியாக ஒருநாள் அழவேண்டும்.

ஹோஸ் வாங்கும்போது கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொண்டு வராதே. தண்ணீர் ஹோஸும் பெட்ரோல் ஹோஸும் பார்வைக்கு ஒன்றுதான். மேலே அச்சடித்திருப்பதைப் படி. கார்புரேட்டர் வண்டிக்கு எஸ்.ஏ.இ. 30 ஆர்7 என்ற தர எண் உள்ளது 50 பி.எஸ்.ஐ. வரை தாங்குவது, நமக்கு அது தாராளம். ஆனால் இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களே, அது பழைய நைட்ரைல் ரப்பரிலிருந்து அதை மென்மையாக வைத்திருக்கும் சரக்கை உருவிவிடும். பெட்ரோல் இருக்கும் வரை ரப்பர் உப்பியிருக்கும். ஷெட்டில் நின்று காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். தினமும் ஓடுகிற வண்டியைவிட உன்னுடையது போலச் சும்மா கிடக்கிற வண்டிக்குத்தான் ஆபத்து அதிகம். அதனால் உள்ளே ஃப்ளூரோ ரப்பர் பூச்சு உள்ள ஆர்9 கிடைத்தால் அதையே போட்டுவிடு. நான் அதைத்தான் போட்டேன். கிளிப்பும் அதற்கேற்ற வழவழப்பான விளிம்பு உள்ளது. பல்லுப் பல்லாக வெட்டிய கிளிப் இறுக்க இறுக்க ஹோஸையே அறுக்கும்.

உன் மைத்துனன் இதைக் கேள்விப்பட்டு மிச்சத் துண்டைத் தன் வண்டிக்குக் கேட்பான், எனக்குத் தெரியும். அவனுடையது இன்ஜெக்ஷன், கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கிற ரகம். அங்கே அழுத்தம் மூன்று பார் அளவுக்கு இருக்கும், அதாவது நம்முடையதைப் போலப் பத்து மடங்கு. நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் நிற்கும். பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கி, என்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்ட பிறகுதான் கை வைக்கவே வேண்டும். ஆர்7 துண்டை அவன் கண்ணில் காட்டாதே. டேங்க்குக்கு உள்ளேயே மூழ்கிக் கிடக்கும் ஹோஸுக்கு ஆர்9கூட ஆகாது, அதற்கு ஆர்10 என்று தனி ரகம்.

டேங்க்கைப் பற்றிச் சுருக்கமாக: பழைய பெட்ரோலை வடித்துவிடு, அடியில் துரு தெரிந்தால் இறக்கிக் கழுவு. புது ஃபில்டர் சீக்கிரமே சிவப்பாகிவிட்டால் குற்றம் ஃபில்டரில் இல்லை. டேங்க்கில் ஓட்டை இருந்து யாராவது வெல்டிங் வைக்கலாம் என்று சொன்னால், அந்த ஆளை விட்டு ஓடிவந்துவிடு. காலி டேங்க்தான் வெடிக்கும், உள்ளே ஆவி இருக்கிறது.

இனி விளையாட்டு இல்லாமல் ஒரு விஷயம். இந்த வேலையை நீ மூடிய ஷெட்டுக்குள் செய்வாய் என்று தோன்றுகிறது. செய்யாதே. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு பரவி மூலையில் தேங்கும். நாற்பது டிகிரி மைனஸிலேயே தீப்பற்றுகிற அளவுக்கு ஆவி விடுகிற திரவம் அது. வண்டியை வெளியே தள்ளிக் கொண்டு வா. முதல் வேலையாக பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்று. குண்டு பல்பு போட்ட தொங்கு விளக்கு வேண்டாம்; கீழே விழுந்து உடைந்தால் அதுவே போதும். பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றினால் நெருப்பு மிதந்துகொண்டே பரவும். அப்புறம், வாயால் உறிஞ்சி டேங்க்கைக் காலி செய்கிற பழைய வீரம் எல்லாம் இப்போது வேண்டாம். நுரையீரலுக்குள் ஒரு மடக்குப் போனால் போதும், ஆஸ்பத்திரிதான். நீ செய்ய மாட்டாய் என்று வைத்துக்கொண்டாலும் பையன் செய்வான். உன் பையன்தானே.

எல்லாம் மாட்டிய பிறகு ஓட்டுவதற்கு முன் என்ஜினைக் கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளைத் துணியால் தொட்டுப் பார். ஈரம் கண்ணில் படாவிட்டாலும் துணியில் படும். ஹோஸ் எதுவும் எக்ஸாஸ்ட் பக்கம் சாய்ந்திருக்கக் கூடாது. ஃபில்டரில் அம்புக்குறி என்ஜினைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துச் சூடேறி ஆறிய பிறகு கிளிப்புகளை இன்னொரு முறை பார்த்துவிடு.

என் வண்டி இப்போது எப்படி என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காலையில் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்கிறது. மேட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது. பெரியவர்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார். ஒன்றும் சொல்லவில்லை, குறை சொல்லவில்லை என்பதே அவர் கணக்கில் பாராட்டு விழா.

நான் வாங்கியதில் ஹோஸ் கொஞ்சம் மீதி இருக்கிறது, 6 மி.மீ.யும் 8 மி.மீ.யும். உன் வண்டியில் டேங்க் பக்கம் எந்த அளவு, பம்ப் பக்கம் எந்த அளவு, மிச்சப் பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பிப் போகும் லைன் உண்டா இல்லையா என்று பார்த்து எழுது. வெளி விட்டத்தை அளந்து எழுதாதே, உள் விட்டம். பதில் வரும்வரை சாவி உன் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்,
கறுப்பு நகக்காரன்