நீயே அம்மாவிடம் சொல்லு

திருமங்கலம்

அன்புள்ள தம்பிக்கு,

போனில் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. இந்த வாரம் மதுரைக்குப் போனோம், அம்மாவுக்குக் கீமோ ஏற்றாமல் அனுப்பிவிட்டார்கள். பதறாதே. புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவவில்லை என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்று கல்லீரலுக்குப் பார்க்கிற அளவு 412. நாற்பதை ஒட்டி இருக்க வேண்டியது. காமாலைக்குப் பார்க்கிற பிலிருபினும் கூடி 2.8, கண்ணும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. மருந்து ஒத்துக்கொள்ளாமல் இரண்டும் சேர்ந்து இப்படி ஏறினால் பத்தில் ஒருவருக்கு உயிருக்கே ஆபத்தாம். அவளுக்குப் போடும் பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தை உடம்பிலிருந்து கழிப்பதே கல்லீரல்தான். அது சோர்ந்திருக்கும்போது ஏற்றினால் மருந்து ரத்தத்திலேயே தங்கி வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும்.

வீட்டில் சாப்பிடுவதை எல்லாம் டாக்டர் கேட்டார். மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தேன். காய்ச்சல் மாத்திரை, உசிலம்பட்டி மாமா கொடுத்த சீந்தில் பொடி, நீ அனுப்பிய மஞ்சள் கேப்சூல். அந்த டப்பாவைத்தான் அவர் திருப்பித் திருப்பிப் படித்தார். மிளகுச் சத்தும் சேர்த்திருக்கிறார்களாம், அது மஞ்சளை உடம்பில் பல மடங்கு ஏறவிடும். இதனால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்களே 2022-ல் எழுதியிருக்கிறார்கள். சீந்திலைப் பற்றி மும்பை மருத்துவர்கள் கொரோனா சமயத்திலேயே எச்சரித்தார்கள். கீமோ மருந்தாகவும் இருக்கலாம். இதுதான் என்று காட்டித்தரத் தனி டெஸ்ட் கிடையாது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, எண் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

சீந்திலை அன்றைக்கே விட்டுவிட்டாள். உன் கேப்சூலை விடத்தான் மனசு வரவில்லை. "பிள்ளை அவ்வளவு தூரத்திலிருந்து அனுப்பினது" என்று கோயில் பிரசாதம் மாதிரி வைத்திருக்கிறாள். நேற்றும் தலையணைக்கு அடியில் இரண்டு கிடந்தன. டாக்டர் சொல்லும் ஏறவில்லை, என் சொல்லும் ஏறவில்லை. நீ பாசத்தில் அனுப்பினாய், அதில் ஒரு குற்றமும் இல்லை ராசா. ஆனால் நிறுத்து என்பது உன் வாயால் வந்தால்தான் கேட்பாள். குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயமில்லை என்றும் சொல்லு, இல்லாவிட்டால் அதையும் விட்டுவிட்டு வெறும் கஞ்சி குடிப்பாள். பக்கத்து வீட்டில் கீழாநெல்லி அரைத்துத் தருவதாகச் சொன்னார்கள், டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம் என்றுவிட்டேன்.

வியாழக்கிழமை மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். நன்றாக இறங்கியிருந்தால், அளவைக் குறைத்துக் கீமோ தொடங்கலாம் என்றார். அதற்குள் பேசிவிடு. இங்கே ராத்திரி ஏழு மணிக்குக் கூப்பிடு, உனக்குக் காலைதானே. எட்டு மணிக்கு மாத்திரை போட உட்காருவாள்.

அப்பா