கொழும்பு மாமிமாருக்கு: அந்தப் பிளேன்டீயைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

அன்புள்ள மாமிமாருக்கு,

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ தெமட்டகொடையிலோ, பிள்ளை வயிற்றோடு இருக்கும் மருமகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்குத்தான் இந்த மடல். மகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாமாரும் சேர்த்தி. டொக்டர்மாருக்கு எழுதலாம்தான். ஆனால் அவர்கள் அவளை மாதத்தில் ஒரு நாள் பார்க்கிறார்கள். மற்ற நாளெல்லாம் அவள் சாப்பிடுவது உங்கள் குசினியில்.

எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது ஹீமோகுளோபின், அதாவது உடம்பு இரும்பைக் கொண்டு செய்யும் இரத்தத்தின் சிவப்புச் சத்து, 8.6 என்று வந்தது. கர்ப்பிணிக்கு அது 11க்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நடு மூன்று மாதத்துக்கு மட்டும் 10.5. “ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை” என்று வீட்டில் தீர்ப்பு வந்தது. மாமி அன்றைக்கே பீட்ரூட்டும் மாதுளம்பழமும் வாங்கி வந்தார். பாசத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரத்தத்தின் சிவப்புக்கும் சொந்தபந்தம் கிடையாது. அதில் இருக்கும் இரும்பு கொஞ்சம்தான்.

அடுத்த கிளினிக்கில் வயதான நேர்ஸ் ஒருவர், அங்கே தந்த இரும்பு மாத்திரையை எதோடு குடிக்கிறாய் என்று கேட்டார். பிளேன்டீயோடு என்றேன். கல்சியம் மாத்திரை? மறந்துவிடாமல் இருக்க அதையும் சேர்த்துத்தான். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தேயிலையில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு ஒரு கோப்பை குடித்தால், சோறு கறியிலிருந்து உடம்பு எடுக்கக்கூடிய இரும்பு பாதிக்கும் மேல் குறைந்துபோகலாம். பால் தேத்தண்ணி என்றாலும் கோப்பி என்றாலும் கதை அதேதான். கல்சியமும் இரும்புக்குக் குறுக்கே நிற்கும். ஆகவே காலையில் ஒன்று, இரவில் மற்றது என்று பிரித்துக் கொடுங்கள். தேத்தண்ணிக்கும் இரும்பு மாத்திரைக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணித்தியாலமாவது இருக்கட்டும். தேயிலை விளையும் நாட்டில் தேத்தண்ணியை விடச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நேரத்தை மாற்றினால் போதும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நடுவில் இரண்டு கிழமை நான் மாத்திரையே குடிக்கவில்லை. மலச்சிக்கல், குமட்டல், மலம் வேறு கறுத்துப் போயிற்று. பயந்து, மாத்திரைகளைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தேன். கறுப்பது வழக்கம்தான் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளை கறுப்பாகப் பிறக்கும், பெருத்துப்போய் ஒப்பரேஷன் ஆகிவிடும் என்று வேறு சொல்லி வைத்தார். இரண்டும் பொய். மருமகளின் மாத்திரைக் கணக்கு உதைத்தால் ஏசாமல், என்ன செய்கிறது என்று கேளுங்கள். ஒத்துவராவிட்டால் கிளினிக்கில் சொன்னால் வேறு வகையோ வேறு நேரமோ சொல்லித் தருவார்கள்.

சரி, சாப்பாடு மட்டும்தானா காரணம்? பிள்ளைத்தாச்சியின் உடம்பில் இரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது; சிவப்பணுக்கள் அந்த வேகத்தில் கூடுவதில்லை. பிள்ளை, நஞ்சுக்கொடி, பெருகும் இரத்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்து முழுக் கர்ப்பத்துக்கும் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். அவ்வளவையும் ஒன்பது மாதத்தில் சமைத்துப் போட்டுவிட முடியாது. கல்யாணத்துக்கு முன்பே சேமிப்பு இருந்திருக்க வேண்டும். மாதவிலக்கில் அதிகம் இரத்தம் போகிற பிள்ளை, காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடி, பத்து மணிக்கு ஒரு ரோல்ஸும் தேத்தண்ணியுமாக வேலை பார்த்த பிள்ளை, வெறுங்கையோடுதான் உங்கள் வீட்டுக்கு வருகிறாள். குடலில் கொக்கிப்புழு இருந்தால் அது வேறு இரத்தத்தைக் குடிக்கும். எனக்கோ மூத்தவள் பிறந்து ஆறாம் மாதமே அடுத்தது தங்கிவிட்டது. அடுத்த பேரப்பிள்ளை எப்போது என்று கேட்குமுன் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள் மாமி. ஒரு பிள்ளை பிறந்து அடுத்தது தங்குவதற்கு நடுவில் இரண்டு வருடமாவது வேண்டும்.

சைவ வீடுகளுக்குத் தனியாக ஒரு சொல். பி12 என்ற விற்றமின் மீன், இறைச்சி, முட்டை, பாலில்தான் கிடைக்கும். அது குறைந்தாலும் சோகை வரும். முட்டையும் சேர்க்காத வீடென்றால் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெள்ளி விரதமும் கந்தசஷ்டியும் இந்த வருடம் நீங்கள் அவளுக்காகப் பிடியுங்கள், முருகன் கோபிக்க மாட்டார். முருங்கையிலை வறை, கௌபி, கடலை எல்லாம் நல்லதுதான், ஆனால் இலைதழையின் இரும்பு லேசில் உடம்பில் சேராது. மேலே தேசிக்காய் பிழிந்தால் கூடுதலாகச் சேரும். மீன் சாப்பிடுகிற வீட்டில் நெத்தலி போதும், விலையும் தாங்கும். ஈரலை மட்டும் தினம் ஊட்டாதீர்கள். அதில் விற்றமின் ஏ மிக அதிகம், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

மாத்திரையை ஒழுங்காகக் குடித்தும் அளவு ஏறவில்லையா? அப்போது தலசீமியா என்ற இரத்த நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பரம்பரையாக வருவது, தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தவர் நோயாளி அல்ல, ஆனால் இரத்த அளவு சற்றுக் குறைவாக இருக்கும், சோதனையில் இரும்புக் குறைவு போலவே தெரியும். கணவனுக்கும் அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு கடும் நோய் வர வாய்ப்பு. மச்சானும் மச்சாளும் கட்டிக்கொண்ட வீடுகளில் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். குற்றம் கண்டுபிடிக்க அல்ல. அவளுடைய இரத்தத்தை மட்டும் பார்த்தால் விடை பாதிதான் கிடைக்கும்.

எனக்கு முப்பத்தேழாம் கிழமையில் 10.4 ஆயிற்று. சுகப் பிரசவத்திலேயே அரை லீட்டர் இரத்தம் போகலாம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன், 8.6ஓடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாமி இப்போதும் கேட்பார். மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் விடாமல் தந்தவர் அவர்தான், பத்தியச் சாப்பாட்டோடு, வெந்நீரோடு.

அடுத்த கிளினிக்குக்கு உங்கள் மகனையும் கூட அனுப்புங்கள். லீவு கிடைக்காது என்பார். கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மருமகள்