அக்காவுக்கு, எரவாணத்தில் செருகிய அந்தச் சீட்டைப் பற்றி

அக்கா,

நேற்று அம்மாவுக்குத் திதி. நீ உன் வீட்டில் படையல் வைத்திருப்பாய், நான் இங்கே வைத்தேன். ஒன்றாகக் கும்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

சனிக்கிழமை என் பாப்பாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை, நீ வேண்டாம் என்ற அந்த ஊசியை, போட்டுவிட்டேன். போனில் சொன்னால் வைத்துவிடுவாய், அதனால் இங்கே எழுதுகிறேன். நம் சொந்தத்தில் யாராவது இதை உனக்கு அனுப்பத்தான் போகிறார்கள். அவர்களும் படிப்பார்கள் என்பதால் சில இடங்களில் பாதிதான் சொல்வேன். மீதி உனக்குத் தெரியும்.

"சடங்கு சுத்தி வருஷம்கூடத் திரும்பல, அதுக்குள்ள உனக்கு ஏண்டி புத்தி அங்க போகுது?" கல்யாண மண்டபத்தில், பந்தி நடக்கும்போது, நாலு பேர் காதில் விழக் கேட்டாய். பாப்பா பக்கத்தில்தான் இருந்தாள். ஒரு தாயைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அக்கா அது? அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும். ஊருக்கு நாம் சொல்லி வைத்திருப்பது வயிற்றுக் கட்டி. இன்றைக்கு அதை நான் மாற்றிச் சொல்கிறேன். அம்மாவுக்கு வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இதற்கு நீ கோபப்படுவாய், பட்டுக்கொள்.

மண்டபத்தில் வாயடைத்து நின்றதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2001, நம் பழைய ஓட்டு வீடு. உன்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த வாரம். தொழுவத்தில் அம்மா சின்ன வெங்காயம் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். அம்பிளிக்கை ஆஸ்பத்திரியில் இருந்து வருகிறேன் என்று நோட்டும் கையுமாக ஒரு பெண் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். வெயிலில் நடந்து வந்து முகமெல்லாம் சிவந்திருந்தது. செம்பில் தண்ணீர் கேட்டாள். 30 வயதில் இருந்து 59 வரைக்கும் உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் பரிசோதனை, காடி மாதிரி ஒரு மருந்தைத் தடவிப் பார்ப்போம், வலிக்காது, காசில்லை, அம்மா எங்கே என்று கேட்டாள். நீ கதவிடுக்கில் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாய். நான் "அம்மா காட்டுக்குப் போயிருக்கு" என்றேன்.

அவள் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். வெங்காய வாடை திண்ணை வரைக்கும் வந்தது. ஆனாலும் முகாம் தேதி எழுதிய சீட்டில் அம்மா பெயரையும் எழுதி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதை எரவாணத்தில் செருகினேன். மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரத்தில் நம் அம்மா அந்த இடத்துச் சோதனைக்குப் போனாள் என்று யாராவது பேசிவிட்டால் என்ன ஆவது என்று நீ பயந்தாய். எனக்குப் பதினாறு வயது, நீ சொன்னால் செய்வேன். பொய் சொன்ன வாய் என்னுடையதுதான், அதில் மாற்றமில்லை. தலையை ஆட்டியது நீ, அதிலும் மாற்றமில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன், இப்படி வந்து நிற்கிறது.

பாப்பாவுக்கு ஊசி போடலாமா என்று தேடும்போது அந்த முகாமைப் பற்றியும் படித்தேன். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2007இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்திருக்கிறது. 49,311 பெண்களை அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். அழைப்பு போன ஊர்களில் இந்த நோயால் செத்தவர்கள், போகாத ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு. வராமல் போன பதினெட்டாயிரம் பேரில் அம்மாவும் ஒருத்தி. வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனாலும் அந்தக் கழித்தல் கணக்கை எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் தெரியுமா?

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. 2012இல் ஆஸ்பத்திரியில், நீ குளிக்க வீட்டுக்குப் போயிருந்த ஒரு ராத்திரி, அம்மா கேட்டாள்: "அன்னைக்கு நோட்டோட வந்துச்சே ஒரு பொண்ணு, அதுக்குத் தண்ணி குடுத்தியா?" அவ்வளவுதான் கேட்டாள். குடுத்தேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் அக்கா.

நாலு மாதம் அம்மாவுக்குத் துணி மாற்றியது நீ. அந்த நாற்றத்தைத் தாங்கியது நீ. நான் வார இறுதியில் வந்து போனவள்தான். அதை ஒவ்வொரு சண்டையிலும் எடுத்து வைக்கிறாயே, அப்போதெல்லாம் எனக்குத் தோன்றும்: இவ்வளவையும் கண்ணால் பார்த்தவள் பெற்ற பெண்ணுக்கு எப்படி வேண்டாம் என்கிறாள்?

அப்பாவைப் பற்றி நீ கேட்ட கேள்விக்கு இங்கே பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி என்கிற வைரஸ், தாம்பத்தியம் என்று ஒன்று இருந்தாலே அநேகமாக எல்லோருக்கும் எப்போதாவது வந்து போகிறது. பெரும்பாலும் தானாகவே போய்விடும். சிலருக்குப் போகாமல் வருஷக்கணக்கில் தங்கி, பிறகு புற்றாகும். யாரிடமிருந்து, எப்போது என்று கணக்குப் பார்க்கவே முடியாது. அப்பாவை அதில் இழுக்காதே. வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன்பே போட்டால்தான் ஊசி முழுப் பலன் கொடுக்கும். அதனால்தான் இந்த வயதில் போடச் சொல்கிறார்கள். பாப்பாவின் நடத்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

போட்டால் குழந்தை பிறக்காது என்று நீ அனுப்பிய ஆடியோவை டாக்டரிடமே போட்டுக் காட்டினேன். அதற்கு ஆதாரமே இல்லை என்றார். ஆந்திராவில் பிள்ளைகள் செத்தார்கள் என்றாயே, அதையும் தேடிப் படித்தேன். 2009-10இல் ஒரு ஆய்வில் இந்த ஊசி போட்ட பிள்ளைகளில் ஆந்திராவில் ஐந்து, குஜராத்தில் இரண்டு. விசாரித்ததில் ஒருத்தி நீரில் மூழ்கியிருந்தாள், ஒருத்தியைப் பாம்பு கடித்திருந்தது, பூச்சிமருந்து குடித்த பிள்ளைகளும் இருந்தார்கள். ஊசியால் செத்தார்கள் என்று தெரியவரவில்லை. ஆனால் பெற்றவர்கள் போட வேண்டிய கையெழுத்தைப் பல பிள்ளைகளுக்கு விடுதி வார்டன் போட்டிருந்தார். அதில் உன் கோபம் நியாயம், எனக்கும் வயிறு எரிந்தது. அந்தக் கலவரத்தில் வேறொரு ஊசி ஆய்வும் பாதியில் நின்று, நிறையப் பிள்ளைகள் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் அந்த ஒரு ஊசியே நன்றாகப் பாதுகாத்திருக்கிறது. அந்த ஆய்விலும் நம் அம்பிளிக்கை உண்டு. வேறு எதை நம்பாவிட்டாலும், வெயிலில் நடந்து வந்த அந்தப் பெண்ணையாவது நம்பு.

பாப்பாவுக்குக் கை ஒரு நாள் வலித்தது, அவ்வளவுதான். "இது அம்மாச்சிக்குப் போட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். அம்மாச்சி சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த ஊசியே கிடையாது என்றேன். அது உண்மைதான். சீட்டைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் சின்னவளுக்குத் தை பிறந்தால் 15. அதற்கு முன் என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு என்றால் மூன்று என்றார் டாக்டர். 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குத் தமிழக அரசே போடும் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்து சீட்டு வந்தால் அதை எங்கேயும் செருகி வைக்காதே. வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று தோன்றினால், இந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த டாக்டர் இருப்பார். பணம் நான் கட்டுகிறேன். நீ வர வேண்டாம், என்னோடு பேசவும் வேண்டாம், மாமாவோடு பிள்ளையை அனுப்பு.