அண்ணாவுக்கு, மார்ச் 16 பற்றி

அன்புள்ள அண்ணா,

2025ஆம் ஆண்டின் இந்த மார்ச் 16ஆம் தேதியோடு, நம் அணி தோற்ற அந்த இரவுக்கு ஏழு ஆண்டுகள் முடிந்துவிட்டன. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் உங்களுக்கு எழுத உட்கார்ந்து, இரண்டு வரிகளோடு நிறுத்தியிருக்கிறேன். இம்முறை முடித்தே தீருவது என்று முடிவெடுக்க வைத்தது இந்த மாதம் வந்த செய்தி. வர்ஜீனியா பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு ரயன் ஓடம் பயிற்சியாளராக வருகிறார். 2018இல் நம்மைத் தோற்கடித்த அணியின் பயிற்சியாளர் அவர்தான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் எண் மாறிவிட்டது, மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. ஆகவே எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதுகிறேன். உங்கள் வீட்டாரும் படிக்கக்கூடும் என்பதால், உங்கள் ஆய்வு பாதியில் நின்றதைப் பற்றியோ அந்த மாதங்களில் நடந்த மற்றவற்றைப் பற்றியோ இங்கே எதுவும் சொல்லமாட்டேன்.

எனக்கு இந்த ஆட்டம் புரிந்தது மைதானத்தில் அல்ல, பல்கலைக்கழகம் இருக்கும் சார்லட்ஸ்வில்லில் நம் சாப்பாட்டு மேசையில்தான். உப்பு டப்பா பந்து, ஐந்து எவர்சில்வர் டம்ளர்கள் நம் ஆட்டக்காரர்கள். விரலைத் தண்ணீரில் தோய்த்து, கூடையிலிருந்து பதினாறு அடி என்று சொல்லி ஒரு வளைகோடு இழுப்பீர்கள். ஒரு டம்ளர் மட்டும் பந்தை நெருக்கிப் பிடிக்கும். மற்ற நான்கும் கோட்டுக்கு உள்ளேயே நின்று யாரையும் கூடைப்பக்கம் நுழையவிடாது. கோடு காய்ந்துபோனால் மறுபடியும் விரலை நனைப்பீர்கள். அப்போதைய நம் பயிற்சியாளர் டோனி பென்னட்டின் தந்தை டிக் பென்னட் வகுத்த அந்த முறையைச் சலிப்பூட்டும் ஆட்டம் என்று ஊரே சொன்னபோது, உங்களுக்கு மட்டும் அதில் ஒரு பெருமை இருந்தது. ஏழடி நான்கு அங்குல ரால்ஃப் சாம்ப்சன் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நாட்டின் சிறந்த ஆட்டக்காரராக இருந்தும் கோப்பை கைக்கு வராததையும், 1982 டிசம்பரில் நாட்டின் முதலிடத்தில் இருந்த அந்த அணி ஹவாயில் ஷாமினாட் என்ற சின்னஞ்சிறு கல்லூரியிடம் 77-72 என்று தோற்றதையும் சொந்தக் குடும்பக் கதைபோலச் சொல்வீர்கள். இந்த அணியை நேசிக்கிறவனுக்குக் காத்திருக்கத் தெரியவேண்டும் என்பீர்கள்.

2018இல் அந்த இரவு, இடைவேளையின்போது 21-21. டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த பாதியில் சரியாகிவிடும் என்றீர்கள். டியாண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு முறிந்து ஆடாமல் இருந்தது எனக்கும் தெரியும். ஆனாலும் ஓர் ஆட்டம் முழுவதற்குமே எதிரணிக்குச் சராசரியாகச் சுமார் ஐம்பத்து மூன்று புள்ளிகள்தான் விட்டுக்கொடுத்து வந்த அணி, மேரிலாந்து பால்டிமோர் கவுன்ட்டி அணிக்கு ஒரே பாதியில் 53 புள்ளிகளைக் கொடுத்து, 74-54 என்று தோற்றது. ஆண்கள் தேசியக் கல்லூரிப் போட்டியில் (ஒவ்வொரு பிரிவிலும் வலிமை வரிசைப்படி 1 முதல் 16 வரை தரநிலை தருவார்கள்) அதுவரை 135 ஆட்டங்களில் ஒருமுறைகூட முதல் தரநிலை அணி பதினாறாம் தரநிலை அணியிடம் தோற்றதில்லை. அப்போதுதான் இரண்டு நண்பர்கள் முன்னால் அதைச் சொன்னேன்: "நீங்களும் உங்கள் அணியும் ஒன்றுதான், தோற்காமல் இருப்பதற்கே எல்லாவற்றையும் செலவழிப்பீர்கள், ஜெயிக்கத் தெரியாது."

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளர்களைப் பொறுக்கி எடுத்துக் கழுவினீர்கள். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துக் கவிழ்த்து வைத்தீர்கள். ஐந்தாவதைத் துடைக்க மிகவும் நேரம் எடுத்துக்கொண்டீர்கள்.

என்னை மன்னியுங்கள் அண்ணா. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, கையில் வேலை இல்லை, விசா முடிய இருந்தது. அந்தப் பயத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் உங்கள் மேல் கொட்டினேன். இது காரணம்தான், நியாயம் இல்லை. ஆனால் நீங்களும் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். மே மாதம் நான் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் அறையைக் காலி செய்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்காமல், ஜூலை வரைக்கும் உங்கள் பங்கு வாடகையை மட்டும் கட்டிவிட்டுப் போனீர்கள். அது உங்கள் பெருந்தன்மை என்றார்கள். கணக்கைத் தீர்த்துவிட்டுப் போகிறவனைப்போலத்தான் எனக்குப் பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

அடுத்த ஆண்டின் ஆட்டங்களை நீங்கள் பார்க்கவே இல்லை என்று கேள்விப்பட்டேன். அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பர்டூ அணியின் கார்சன் எட்வர்ட்ஸ் அன்று தனியாளாக 42 புள்ளிகள் எடுத்தார். ஆறு வினாடிகூட மிச்சமில்லை, 70-68 என்று பின்தங்கியிருக்கிறோம், டை ஜெரோம் இரண்டாவது ஃப்ரீ த்ரோவை (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதலை) தவறவிடுகிறார். மமாடி டியாக்கிட்டே தட்டிவிட்ட பந்து பின்னோக்கி நடுக்கோட்டையும் தாண்டி ஓடுகிறது. முதலாண்டு மாணவர், அணியிலேயே குள்ளமானவர்களில் ஒருவரான கிஹே கிளார்க், அதைத் துரத்திப் பிடித்து, தானே எறிந்து பார்க்கும் ஆசைக்கு இடம் கொடுக்காமல் டியாக்கிட்டேவுக்கு நீளமாக அனுப்புகிறார். டியாக்கிட்டே எறிந்தது கூடையில் விழுந்தது; அவர் கையிலிருந்து பந்து விடுபட்ட பிறகுதான் நேரம் முடிந்ததென்று கூடையைச் சுற்றிச் சிவப்பு விளக்கு எரிந்தது. கூடுதல் நேரத்தில் 80-75. அடுத்து ஆபர்னுடன் 0.6 வினாடி இருக்கையில் கைல் கை மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் போட்டார். ஏப்ரல் 8 அன்று மினியாபொலிஸில், மணிக்கட்டு முறிந்திருந்த அதே ஹன்டர் 27 புள்ளிகள் எடுக்க, டெக்சஸ் டெக் அணியை 85-77 என்று வென்று கோப்பையை வாங்கினோம். அந்த இரவு உங்களை மூன்று முறை அழைத்தேன். நான் சொன்னது எவ்வளவு தப்பு என்று உங்களிடம் சொல்லத்தான் அழைத்தேன். நீங்கள் எடுத்திருக்க வேண்டும்.

டோனி பென்னட் 2024 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது, இன்றைய சூழலுக்குத் தான் ஏற்றவர் அல்ல என்று சொல்லி விலகிவிட்டார். இப்போது அந்த இடத்துக்கு வருகிற ஓடமின் தந்தை டேவ் ஓடம், எண்பதுகளில் இதே அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். சிறுவன் ரயன் இந்த அணிக்குப் பந்து எடுத்துப் போட்டவர். அவர் நமக்கு அந்நியர் இல்லை என்பது அந்த இரவில் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், நான் பேசவிட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள்.

அடுத்த மாதம் நானும் சார்லட்ஸ்வில்லை விட்டுப் போகிறேன். நேற்று சமையலறைச் சாமான்களைக் கட்டும்போது டம்ளர்களை எண்ணினேன். நீங்கள் போனதிலிருந்து நான்குதான் இருக்கின்றன. ஐந்தாவது உங்களிடம் இருக்கிறதா என்று மட்டும் எழுதுங்கள், அண்ணா. என் பழைய மின்னஞ்சல் இன்னும் மாறவில்லை.

உங்கள் தம்பி