எஞ்சின் ஏத்துறதுக்கு முன்னாடி இதையும் சொல்லுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

பழைய நிசான் 240எஸ்எக்ஸ் கார்ல எஸ்ஆர்20டிஇடி டர்போ எஞ்சின் ஏத்துறத பத்தி நம்ம பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், தமிழ்ல இந்த மாதிரி விஷயம் கிடைக்கிறதே அபூர்வம், அதுக்கு நன்றி. ஆனா குதிரைத்திறன் கணக்கோட நிறுத்திட்டீங்க, மிச்சத்த சொல்லாம விட்டா படிக்கிற பசங்க வண்டிய பிரிச்சு போட்டுட்டு பாதியில மாட்டிக்குவாங்க.

அமெரிக்காவுல வித்த 240எஸ்எக்ஸ்ல டர்போ கிடையாது, 2.4 லிட்டர் எஞ்சின், முதல்ல 140 குதிரைத்திறன், 1991லேர்ந்து 155. அதே வருஷம் ஜப்பான்ல அதே சேசிஸ்ல வந்த நிசான் சில்வியா காருக்கு இந்த எஸ்ஆர்20டிஇடி, 2 லிட்டர் டர்போ, 205 குதிரைத்திறன். ரெண்டும் ஒரே உடம்புங்கிறதால எஞ்சினை தாங்குற மவுண்ட் எல்லாம் ஒத்துப்போகும், எஞ்சினை உள்ள உட்கார வைக்கிறது பெரிய வேலையே இல்ல. வேலை வாங்குறது ஒயரிங்தான். ஜப்பான் எஞ்சினோட வர்ற ஒயரிங் வலதுபக்க ஸ்டியரிங் வண்டிக்கு செஞ்சது, இங்க அமெரிக்காவுல வண்டிக்கு ஸ்டியரிங் இடதுபக்கம், ஒவ்வொரு ஒயரா பாத்து மாத்தணும்.

ஆட்டோமேட்டிக் வண்டிய மேனுவல் ஆக்குறதா இருந்தா இன்னும் கவனம் வேணும். கிளட்ச் பெடல், மாஸ்டர் சிலிண்டர், அதுக்கு ஃபயர்வால்ல (எஞ்சினுக்கும் ஆள் உட்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) ஓட்டை, ஃப்ளைவீல், கிராங்க் முனையில பைலட் புஷ் இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா, ஆட்டோமேட்டிக் வண்டி பார்க் இல்லன்னா நியூட்ரல்ல இருந்தாதான் ஸ்டார்ட் ஆகும், அதுக்கு பழைய கியர்பாக்ஸ்ல ஒரு ஸ்விட்ச் இருக்கு. கியர்பாக்ஸ கழட்டினா அந்த ஸ்விட்சும் போயிடும், சாவிய திருப்பினா சத்தமே வராது, ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சுன்னு நினைச்சு புதுசு வாங்கிருவாங்க. அந்த ஸ்விட்சுக்கு போன ரெண்டு ஸ்டார்ட்டர் ஒயரையும் கிளட்ச் பெடல் ஸ்விட்ச் வழியா கொண்டுபோனா போதும், கிளட்ச் மிதிச்சாதான் ஸ்டார்ட் ஆகும், பாதுகாப்பும் ஆச்சு. ரிவர்ஸ் லைட்டும் அந்த பழைய ஸ்விட்ச் வழியாதான் எரியும், அத புது கியர்பாக்ஸ்ல இருக்கிற ரிவர்ஸ் ஸ்விட்சுக்கு மாத்தி கொடுக்கணும். இந்த சின்ன வேலைய யாரும் எழுதுறதே இல்ல.

பிரேக்க பத்தியும் ஒரு வரி வந்திருக்கலாம். நிறைய பேர் நிசானோட 300இசட்எக்ஸ் வண்டியோட நாலு பிஸ்டன் கேலிப்பர (பிரேக் டிஸ்க்க பிடிக்கிற பாகம்) வாங்கி மாட்டுறாங்க, என்னை கேட்டா டர்போவுக்கு முன்னாடி பணம் போகவேண்டிய இடம் அதுதான்.

அப்புறம் கலிஃபோர்னியா சட்டம். இங்க எஞ்சின் மாத்தணும்னா மாத்துற எஞ்சின் வண்டியோட வருஷத்துக்கு பழசா இருக்கக்கூடாது, அதோட புகைக்கட்டுப்பாட்டு சாமான் எல்லாம் சேர்ந்தே வரணும், மாநிலத்தோட ரெஃப்ரீகிட்ட, அதாவது இதுக்குன்னு இருக்கிற சோதனை மையத்துல, காட்டி ஸ்டிக்கர் வாங்கணும். எஸ்ஆர்20டிஇடி அமெரிக்காவுல விக்காத எஞ்சின், அதுக்கு இந்த ஊர் சான்றிதழே கிடையாது, அதனால இங்க ஸ்மாக் டெஸ்ட்ல (வண்டிப் புகை சோதனை) பாஸாகுறது ரொம்ப கஷ்டம். எஞ்சின் வாங்கி கராஜ்ல இறக்கினதுக்கு அப்புறம் இது தெரிஞ்சா என்ன செய்ய முடியும்? அடுத்த கட்டுரையிலயாவது இந்த சட்ட விஷயத்த முதல் பத்தியிலயே போடுங்கன்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
சான் ஹோசேல இருந்து ஒரு வாசகர்