செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26: வானத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோன ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், செவ்வாய்ப்பேட்டையிலிருந்தும் அம்மாப்பேட்டையிலிருந்தும் ஏற்காட்டு மலையிலிருந்தும் இப்பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். விண்வெளியைப் பற்றி மக்களிடம் பேசிவரும் நம் மன்றம் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை செய்த பணிகளைப் பற்றிய அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தொலைநோக்கியின் கண்ணாடிக்கு ஆன செலவைப் பற்றிக் கேள்வி உள்ளவர்கள் அவரையே கேட்கும்படி வேண்டுகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் எழுந்த முதன்மையான குறை, நம் கூட்டங்களுக்கு நாமேதான் வருகிறோம் என்பது. சுற்றுப்பாதை, உந்துவிசை, எரிபொருள் நிறை என்று திரையில் படம் ஓடத் தொடங்கியதும் பின்வரிசை நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எனவே இவ்வாண்டு படத்திரையை மூட்டை கட்டிவிட்டு, மாதம் ஒரு மாலை மக்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய், அவர்கள் கையில் இருக்கும் ஒரு பொருளிலிருந்து கதையைத் தொடங்குவது, எண்களைக் கதை கேட்கும்போது மட்டும் சொல்வது என்று முடிவு செய்தோம். ஐப்பசி அடைமழையில் தவறிய ஒரு மாதம் நீங்கலாக, இம்முடிவைக் கடைப்பிடித்திருக்கிறோம்.

முதல் மாலை நம் பேட்டையின் பெயரிலிருந்தே பிறந்தது. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற ஊரில், செவ்வாய்க் கோளுக்குப் போன கலத்தைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? "செவ்வாயோ வெறுவாயோ" என்று நல்ல காரியம் தொடங்கத் தயங்கும் நாளில்தான், அதாவது 2013 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை பிற்பகலில், மங்கள்யான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது என்று சொன்னபோது முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அது 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சுற்றத் தொடங்கியதையும், ஆறு மாதத்துக்கென்று செய்யப்பட்ட கலம் ஏறத்தாழ எட்டு ஆண்டு உழைத்ததையும், அத்திட்டத்தின் இயக்குநர் சுப்பையா அருணன் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர் என்பதையும் அதன்பின் சொல்வது எளிதாக இருந்தது. நாள் பார்ப்பது சரியா தவறா என்ற வாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. போயிருந்தால் கலம் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

இவ்வாண்டின் மிகச் சிறந்த மாலை என்று நான் கருதுவது, கொலுசுப் பட்டறை ஒன்றில் வேலை முடிந்தபின் நடந்ததுதான். ஊதுலை அப்போதுதான் அணைந்திருந்தது. வெள்ளி உருக்கும் மூசையின் சூடு இன்னும் அறையில் இருந்தது. நாங்கள் தொடங்குவதற்கு முன்பே, "வெள்ளிக் கிரகத்துல வெள்ளி இருக்குதுங்களா?" என்று ஓர் இளைஞர் கேட்டுவிட்டார். அக்கோளின் தரை ஏறத்தாழ 465 டிகிரி செல்சியஸ் வெப்பம் என்று சொன்னோம். அடுத்த வாக்கியத்தை நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அப்போ ஈயம் தண்ணியா ஓடும், வெள்ளி அப்படியே கெடக்கும்" என்று பட்டறையின் மூத்த ஆசாரி முடித்துவைத்தார். ஈயம் 327 டிகிரியிலும் வெள்ளி 961 டிகிரியிலும் உருகும் என்பது எங்களுக்குப் புத்தகத்தில் படித்த செய்தி. அவருக்கோ அது நாற்பது ஆண்டுக் கைப்பழக்கம். விண்வெளியைப் பற்றிய ஓர் உண்மையைச் சேலத்துக்காரர் ஒருவர் எங்களுக்கு முன்பே கண்டு சொன்னதை இம்மன்றத்தின் பதிவேட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

அதே மாலையில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியைப் பற்றியும் பேசினோம். 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட அதன் முதன்மைக் கண்ணாடி ஆறரை மீட்டர் அகலம் உடையது. பெரிலியத்தால் செய்த 18 அறுகோணத் துண்டுகளைச் சேர்த்து அமைத்தது. அகச்சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்புவதற்காக அத்தனைத் துண்டுகளின்மீதும் தங்கம் பூசியிருக்கிறார்கள். மொத்தத் தங்கம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டபோது, கிலோக் கணக்கில்தான் எல்லோரும் சொன்னார்கள். விடை 48.25 கிராம், அதாவது ஏறத்தாழ ஆறு சவரன். நடுத்தரக் குடும்பத்துக் கல்யாணத்தில் பெண்ணுக்குப் போடும் நகையைவிடக் குறைவான தங்கத்தை வைத்துக்கொண்டு அண்டத்தின் பழைய ஒளியைப் பார்க்கிறார்கள் என்றதும் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு, "செய்கூலி, சேதாரம் எவ்வளவுங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சந்திரயானைச் சுற்றியிருந்த பொன்னிறத் தாளும் தங்கம்தானா என்ற கேள்விக்கு, அது அலுமினியம் பூசிய, பாலிமைடு என்னும் மெல்லிய நெகிழித் தாள் என்றும், தாளின் மஞ்சள் நிறத்தின் வழியே அலுமினியம் மின்னுவதால் தங்கம்போல் தெரிகிறது என்றும் விளக்கினோம். கவரிங் என்று ஒரே சொல்லில் அதைப் புரிந்துகொண்டார்கள்.

இனி, இவ்வாண்டு நாம் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை அறிக்கையிலிருந்து விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள், நான் உடன்படவில்லை.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறை, நிலாவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சந்திரயான்-2 திட்டத்தின் தரையிறங்கும் கலம், ஊர்தி ஆகியவற்றைச் சோதிப்பதற்கு நிலா மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியல் துறையினரும் பிற ஆய்வாளர்களும் துணைநிற்க, இப்பாறையை உடைத்து, வேண்டிய நுண்மைக்கு அரைத்துப் பெங்களூருவுக்கு அனுப்பினார்கள். 1997 வரை நாமக்கல் நம் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது என்பதால் பெருமையில் நமக்கும் பங்குண்டு. நம் இளைய பேச்சாளர் ஒருவர் ஒரு பள்ளியில் இந்தக் கதையைச் சொன்னார். கதை சூடுபிடித்த வேகத்தில், "நம்ம ஊர் மண் இன்னைக்கு நிலாவுல கெடக்குது" என்று முடித்துவிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்று இரவே அச்செய்தி வீடுவீடாகப் போய்விட்டது.

அடுத்த மாத மாலைக்கு லாரி ஓட்டுநர் ஒருவர் தம் மகளுடன் வந்தார். கல் ஏற்றிப் பழகியவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்து, "தம்பி, அது பெங்களூரைத் தாண்டிப் போயிருந்தா வாடகை எவ்வளவுன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றார். அரங்கம் சிரித்தது, எங்களால் சிரிக்க முடியவில்லை. அவர் சொன்னதே சரி. அந்த மண், சோதனைக் கூடத்தில் சக்கரம் புதைகிறதா, கால் வழுக்குகிறதா என்று பார்ப்பதற்காகப் பரப்பப்பட்டது. அதில் ஒரு பிடிகூட நிலாவுக்குப் போகவில்லை.

இரண்டு வாரத்தில் அதே பள்ளிக்குத் திரும்பிச் சென்று, சொன்னது தவறு என்று அதே பேச்சாளரே அதே பிள்ளைகளிடம் சொன்னார். சொல்லிவிட்டு, உண்மையில் நடந்ததைத் தொடர்ந்தார். சந்திரயான்-2இன் தரையிறங்கும் கலத்துடன் 2019 செப்டம்பரில் தொடர்பு அறுந்தது. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு நிலாவின் தென்துருவப் பகுதியை ஒட்டி இறங்கியது. அதிலிருந்து இறங்கிய 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ஊர்தி, ஏறத்தாழ நூறு மீட்டர் நகர்ந்து, 23 இடங்களில் மண்ணின் தன்மையை அளந்தது. அந்த அளவீடுகள் காட்டிய மண் இரும்பு கலந்த அனார்த்தோசைட் வகையோடு பெரிதும் ஒத்திருந்தது. அங்கே போன ஊர்தி, இங்கே நம் பக்கத்துக் கல்லின் பங்காளியைக் கண்டுபிடித்திருக்கிறது என்பதுதான் கதை. இரண்டு கல்லும் தத்தம் உலகத்தைவிட்டு நகரவே இல்லை. பொய்யாகச் சொன்ன கதைக்குக் கைதட்டிய பிள்ளைகள் மெய்யான கதைக்குக் கேள்வி கேட்டார்கள். எனக்கு எது பெரிது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களுடைய கேள்விகளில் கடினமானது, நிலாவின் மேட்டுநிலமெங்கும் ஏன் இந்தக் கல் மேலே கிடக்கிறது என்பது. இதற்கு விடை சொல்ல மறுபடியும் நம் ஆசாரியையே அழைத்துச் சென்றோம். மூசையில் வெள்ளி உருகும்போது வெங்காரம் போட்டால், கனமான வெள்ளி அடியில் தங்க, இலேசான அழுக்கு மேலே மிதந்து வருவதை அவர் கையசைவிலேயே காட்டினார். நானூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் நிலா உருகிய குழம்பாக இருந்தபோது கனமான கனிமங்கள் அமிழ்ந்தன. இலேசான கனிமம் மிதந்து உறைந்து மேலோடாயிற்று என்று அறிவியலாளர்கள் கருதுகிறார்கள். அந்த மேலோடுதான் அனார்த்தோசைட். அழுக்கு என்று சொல்வதைப் பிள்ளைகள் ஏற்கவில்லை. பால்மேல் படியும் "ஆடை" என்று மாற்றிக்கொண்டார்கள்.

செப்டம்பர் 7 இரவு முழு நிலா மறைப்பு, அதாவது சந்திர கிரகணம், நிகழ்ந்தது. மறைப்பு நேரத்தில் சுண்டல் வழங்கலாமா என்பதில் செயற்குழு இரண்டாகப் பிரிந்தது. வழங்குவது, உண்பதும் பொட்டலமாக வாங்கிச் செல்வதும் அவரவர் விருப்பம் என்று தீர்மானித்தோம். இராகு கேதுக் கதையை முதலில் ஒரு பாட்டி சொன்னார். நாங்கள் அதை மறுக்கவில்லை. நிலாவின் பாதையும் சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளைத்தான் பஞ்சாங்கம் அப்பெயர்களால் கணக்கிடுகிறது என்றும், பாம்பைத் தேடுவதைவிட அந்தக் கணக்கைப் பார்த்தால் நம் முன்னோர் மீது மதிப்புக் கூடும் என்றும் சொன்னோம். பதினொரு மணியளவில் நிலா செம்பு நிறமானது. மேகம் இடையிடையே வந்து போனதில் தொலைநோக்கிக்குப் பெரிய வேலை இல்லை.

ஏற்காட்டு மாலையை, காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், மலையில் ஒரு சிற்றூரில் நடத்தினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மடியில் வைத்துக் காப்பாற்றிய தொலைநோக்கியைத் திறக்கவே இல்லை. எதிர்வீட்டு விளக்குகூடத் தெரியாத பனி. வானம் இல்லாத இடத்தில் வானக் கதை சொல்ல நேர்ந்ததால், 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளை எடுத்துக்கொண்டோம். இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த அது, 12 மீட்டர் அகல வலைக்குடை ஒன்றை விரித்து, ரேடார் அலைகளால் பார்க்கிறது. பனியும் மேகமும் இருட்டும் அதற்குத் தடை அல்ல. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே நிலத்தைத் திரும்ப அளந்து, தரை சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் காட்டிவிடும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து நாள்கணக்கில் கீழே இறங்க முடியாமல் இருந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியிருக்கவில்லை. "அப்ப இந்தப் பனியிலும் எங்களப் பாத்துட்டுத்தான் இருக்குது" என்று ஓர் அம்மா சொல்லிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 அன்று புறப்பட்டுப் பன்னாட்டு விண்வெளி நிலையம் சென்று ஜூலை 15 அன்று திரும்பியதையொட்டி ஒரு மாலை நடந்தது. பேச்சாளர் நேரத்தோடு வராததால் அதைச் சிறப்பாக நடத்தியதாகச் சொல்ல இயலாது. காவலூர் வானாய்வகத்துக்குச் செல்லும் திட்டம் இவ்வாண்டும் நிறைவேறவில்லை.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன்: பள்ளிகளில் சொல்லும் ஒவ்வொரு கதையையும் முதலில் செயற்குழுவில் சொல்லிக் காட்ட வேண்டும், அக்குழுவில் அந்த லாரி ஓட்டுநரும் ஆசாரியும் சிறப்பு அழைப்பாளர்களாக இருக்க வேண்டும். இருவரும் இசைந்திருக்கிறார்கள். சித்தம்பூண்டிப் பாறையை நேரில் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லவிருக்கிறோம். வர விரும்புவோர் பெயரைப் பொருளாளரிடம் கொடுக்கலாம். கல்லைத் தொட்டுப் பார்க்கலாம். சுத்தியல் கொண்டுவர வேண்டாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
செவ்வாய்ப்பேட்டை, சேலம்